மொட்டைமாடிச் சாவி

எங்கள் மோடத்தில் வரிசையாகச் சில விளக்குகள் உண்டு. மற்றவை எரிந்தாலும் அணைந்தாலும் எனக்குக் கவலையில்லை. 'ஆன்லைன்' என்று எழுதியிருக்கும் விளக்கு மட்டும் விட்டுவிட்டுக் கண்சிமிட்ட ஆரம்பித்தால் என் வேலை நின்றுவிடும். பட்டாபிராமில் இந்த ஃபிளாட்டை வாங்கிக் குடிவந்ததிலிருந்து எனக்கு வந்த கோபங்களில் பாதி அந்த விளக்கால் வந்தவை. மீதிப் பாதி, அதைச் சரிசெய்யச் சொல்லி நான் பேச வேண்டியிருந்த மனிதர்களால் வந்தவை.

நான் மெடிக்கல் கோடிங் செய்பவள். வெளிநாட்டு மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, எந்த நோய்க்கு எந்தக் குறியீடு, எந்தச் சிகிச்சைக்கு எது என்று போட்டு அனுப்ப வேண்டும். அலுவலகம் நகரத்தின் மறுகோடியில், பெருங்குடியில். ரயிலும் பேருந்துமாகப் போய்வந்து முதுகு கெட்டுப்போன பிறகு, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தேன். ஒரே நிபந்தனை, நெட் அறுந்துபோகக் கூடாது.

அது காலை வேளையில்தான் அறுந்துபோகும். மதியத்துக்குமேல் தானாகவே திரும்பிவிடும். வெயில் ஏறிய பிறகு எழுந்திருக்கும் சோம்பேறி மாதிரி.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் ஒரே மந்திரம்.

"மேடம், மோடத்தை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பண்ணிட்டுத்தான் போன் பண்றேன்."

"இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க மேடம், நான் லைன்ல இருக்கேன்."

பண்ணுவேன். விளக்கு கண்சிமிட்டும். "வீட்டுக்கு வெளியிலிருந்து வர்ற சிக்னலே சரியில்ல, ஆளை அனுப்புங்க" என்று சொன்னால் அந்தப் பக்கத்திலிருந்து, "வீட்டுல சார் இருக்காங்களா மேடம்?"

"எந்த சார்?"

"கனெக்‌ஷன் சார் பேர்லதானே இருக்கு."

சார், அதாவது என் கணவர், ஆவடியில் தொழிற்சாலையில் இருந்தார். மோடத்துக்கும் அதன் அடாப்டருக்கும் வித்தியாசம் தெரியாத சார். ஒருநாள் அவரையே போன் செய்யச் சொன்னேன். நான் சொன்ன அதே வாக்கியத்தை, அதே சொற்களில், ஒப்பித்தார். அன்று மதியமே லைன்மேன் வந்து நின்றான். சந்தோஷப்பட வேண்டியவள்தான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

வந்தவன் வாசலிலேயே, "சார் இல்லீங்களா?" என்றான். அப்போது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, நெட்டும் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. விளக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நல்லாத்தானே கீது மேடம்? இன்னா கம்ப்ளெய்ன்ட்டு?"

"காலையில வந்து பாரு. அப்ப தெரியும்."

"மோடத்த ஃபிரிட்ஜாண்ட வெச்சிகிறீங்க. அதான் சூடாவுது. அப்பால தள்ளி வையுங்க."

"மாடியில ஜாயின்ட்டைப் பாத்தியா?"

"மாடி பூட்டிகீது. அங்கல்லாம் ஒண்ணும் இருக்காது மேடம்."

போய்விட்டான். மறுநாள் காலை விளக்கு மறுபடியும் கண்சிமிட்டியது.

அதற்குமேல் யாரையும் நம்புவதில்லை என்று நானே இறங்கினேன். டிவிக்கும் மோடத்துக்கும் கேபிளைப் பிரித்துவிடும் துண்டைக் கழற்றி எறிந்தேன். வாரக்கணக்கில் டிவி இல்லை, பரவாயில்லை. கடைக்குப் போய்ப் புது கனெக்டர் வாங்கி, வீடியோ பார்த்து, நானே மாட்டினேன். நெட் இல்லாதபோதும் கணினியில் மோடத்துக்கென்று இருக்கும் ஒரு பக்கத்தைத் திறக்க முடியும், அதில் சிக்னலின் பலம் எண்ணாகத் தெரியும் என்பதைக் கற்றுக்கொண்டேன். நல்ல நேரத்தில் அந்த எண்கள் ஒழுங்காக நின்றன. கெட்ட நேரத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் இறங்கின. மோடம் சரியாகத்தான் இருந்தது. கோளாறு வெளியே, எங்கோ மேலே.

ஒரு காலை, சமையலறையில் நின்றபோதுதான் பிடிபட்டது. ஜன்னலுக்கு வெளியே மழைநீர்க் குழாயில் தடதடவென்று தண்ணீர் இறங்கும் சத்தம். மழையில்லாத நாளில் அந்தச் சத்தம் வந்தால், மாடித்தொட்டி நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் விளக்கு கண்சிமிட்டியது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். தொட்டித் தண்ணீர் கேபிள் இணைப்பில் இறங்குகிறது. வெயிலில் காய்ந்ததும் நெட் திரும்புகிறது. அவ்வளவுதான் மர்மம்.

மோட்டார் போடுகிறவர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். முதல் மாடியில் இருக்கிறார். அரசுப் பணிமனை வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு நடைப்பயிற்சிக்குப் போய்விடுவார். மொட்டைமாடிச் சாவியும் அவரிடம்தான். அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"சாவி குடுங்க சார், மேல போய்ப் பாக்கணும்."

"லேடீஸ் எதுக்கும்மா மேல? வழுக்கி விழுந்தா யார் பொறுப்பு? சாரை வரச் சொல்லுங்க, தரேன்."

"வீடு என் பேர்லயும்தான் சார் இருக்கு."

"இருக்கட்டும்மா. ரூல்னா ரூல்."

அந்த வாரத்தில்தான் எனக்கு ஒரு நேர்காணல் வந்தது. தணிக்கைப் பிரிவில் ஓர் இடம் காலியாகியிருந்தது. மற்றவர்கள் போடும் குறியீடுகளைச் சரிபார்க்கும் வேலை. ஐந்தாறு வருடமாக நான் எதிர்பார்த்திருந்த இடம். நேர்காணல் வீடியோவில், காலையில். நேரத்தை மாற்றித் தரக் கேட்டேன், முடியாது என்றார்கள். அந்தக் காலை நான் அலுவலகத்துக்கே போயிருக்கலாமே என்று பின்னால் சிலர் கேட்டார்கள். என்னிடம் பேசப்போகிற அதிகாரிகளே அலுவலகத்தில் இல்லை. அவரவர் வீட்டில் உட்கார்ந்துதான் பேசினார்கள், அங்கே என் மேசையும் எப்போதோ வேறொருவருக்குப் போயிருந்தது.

முந்தின நாள் மாலை செயலாளரிடம் மறுபடியும் போனேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும், தொட்டி நிரம்பினதும் மோட்டாரை நிறுத்திடுங்க சார். எனக்கு முக்கியமான இன்டர்வியூ."

அவர் சிரித்தார். "தண்ணிக்கும் நெட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? நாங்கல்லாம் மெஷினோடவே வாழ்ந்தவங்க."

மறுநாள், புடவை கட்டி, தலைவாரி, மேசைமுன் உட்கார்ந்தேன். முதல் இரண்டு கேள்விக்கு நன்றாகவே பதில் சொன்னேன். திரையில் ஓர் அம்மாள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கேள்விக்கு வாய் திறந்தபோது குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. நான் வேகமாகப் பேசினேன். தண்ணீரை முந்திவிடலாம் என்று நினைத்தேன்போல. அந்த அம்மாளின் முகம் பாதித் தலையாட்டலில் உறைந்தது. பிறகு திரையே போனது. கைபேசி நெட்டுக்கு மாறினேன். எங்கள் கட்டடத்துக்குள் டவர் சரியாக எடுக்காது. என் குரல் துண்டு துண்டாக வருகிறது என்றார்கள். பிறகு, "பரவாயில்ல, நாங்க திரும்பக் கூப்பிடுறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை.

முதல் மாடிக்கு இறங்கினேன். செயலாளர் வெளியே போயிருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாசலில் இருந்த, அவரைத் தவிர யாரும் தொடக்கூடாத ஸ்விட்சை அணைத்துவிட்டு மேலே ஏறினேன். மாடிப்படியின் முடிவில் தகரக் கதவு, அதில் பூட்டு. பூட்டைப் பிடித்து உலுக்கினேன். அந்தச் சத்தத்தில் மேல்தளத்து வீட்டுக் கதவு திறந்தது. பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வந்து குடியிருக்கும் பெண். ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் கொடுப்பவள். வாடிக்கையாளர்களுக்கு வீடியோவிலேயே துணியைக் காட்டி ஆர்டர் எடுப்பாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"இன்னாக்கா, உங்க ஊட்லயும் போச்சா?"

"உனக்கும் போகுமா?"

"தெனம் காலீல போவுதுக்கா. கேட்டா, மிஷின் ஓட்டுறியே, அதனாலன்றாங்க."

என்னிடம் ஃபிரிட்ஜ் என்றார்கள், அவளிடம் தையல் மிஷின். எனக்குள் ஏதோ அறுந்தது. "உள்ளே சுத்தியல் இருக்கா?" என்றேன்.

சுத்தியல் இல்லை. இஞ்சி பூண்டு நசுக்கும் இரும்பு உலக்கையைக் கொண்டுவந்தாள். நான் அடித்தேன். கை வலித்தது. "தள்ளுக்கா" என்று அவள் வாங்கி அடித்தாள். பூட்டு அசையவில்லை, அது மாட்டியிருந்த கொண்டிதான் திருகாணியோடு பிய்ந்து விழுந்தது.

தொட்டியின் வழிகால் குழாயிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நேர் கீழே, தரையில், கட்டடத்துக்கே இணைப்புப் பிரியும் கேபிள் பெட்டி. மூடி இல்லை. மல்லாந்து கிடந்த பெட்டிக்குள் தண்ணீர் நிறைந்து, அதில் பாசி படிந்திருந்தது. அதற்குள்ளேதான் எங்கள் எல்லோருடைய கம்பிகளும் ஊறிக்கிடந்தன. படம் எடுத்தேன்.

செயலாளர் கையில் கீரைக்கட்டோடு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"யார் உடைச்சது? இது சங்கத்து சொத்து!"

"நான்தான். இங்க வந்து பாருங்க. தண்ணிக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டீங்கல்ல?"

அவர் பெட்டியைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு பிய்ந்த கொண்டியின் பக்கம் திரும்பி, "சார் வரட்டும், பேசிக்கிறேன்" என்றார்.

கேபிள் கம்பெனிக்குப் படத்தை அனுப்பியதும் அதே லைன்மேன் வந்தான். பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினான். "இன்னா மேடம், நீச்சல் குளம் மாதிரி கீது" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் வேலையைப் பார்த்தான். துருப்பிடித்த இணைப்புகளை வெட்டிப் புதிதாகப் போட்டு, வேறு பெட்டியைச் சுவரில் உயரமாக அடித்தான். மோடத்தில் எண்கள் நிமிர்ந்து நின்றன. அரை நாள் வேலைகூட இல்லை. இதற்காகத்தான் என்னை அத்தனை நாள் அலையவிட்டார்கள்.

மாலையில் கணவர் வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, செயலாளர் வாசலில் நின்றார். நான் கதவருகிலேயே இருந்தேன். என் தலைக்கு மேலாகக் கணவரைப் பார்த்துப் பேசினார்.

"சார், நீங்க கொஞ்சம் சொல்லி வைக்கணும். குடும்பப் பொண்ணுங்க செய்யற காரியமா இது?"

என் கணவர் சங்கடமாகச் சிரித்தார். "சாரி சார். அவளுக்கு இன்னைக்கு இன்டர்வியூ... கொஞ்சம் டென்ஷன்ல..."

"நீங்க எதுக்கு சாரி சொல்றீங்க?" என்றேன். குரல் படிக்கட்டு வரை கேட்டிருக்கும். "உடைச்சது நான். எனக்கு டென்ஷன் இல்ல, கோபம். அதை நீங்க மாத்திச் சொல்லாதீங்க. சார், எதுவா இருந்தாலும் என்கிட்ட பேசுங்க. நேத்து உங்ககிட்ட வந்து நின்னது நான்தானே?"

செயலாளர் என்னைப் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்தியதும் கணவர், "அக்கம்பக்கத்துல இருக்கோம், பெரியவர்..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு வரவேண்டிய வேலை போச்சுங்க. அது உங்களுக்குப் பெரிசா தெரியலையா?"

அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை அவரே புதுக் கொண்டியும் பூட்டும் வாங்கிவந்து மாடிக்கதவில் பொருத்தினார். இறங்கி வந்து, "சாவி எங்க இருக்கணும்?" என்று கேட்டார். கேட்டது என்னிடம். மீட்டர் பெட்டிப் பக்கத்தில், எல்லோர் கைக்கும் எட்டுகிற மாதிரி, என்றேன். ஆணியடித்து மாட்டினார். என் கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கியது என்று சொல்ல மாட்டேன்.

தணிக்கைப் பிரிவின் இடம் வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு வந்த பதிலில், வீட்டில் இணைய வசதியை மேம்படுத்திக்கொண்டு அடுத்த முறை முயற்சிக்கும்படி அறிவுரை இருந்தது.

சில நாள் கழித்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் எழுதினார்: 'நீண்டநாள் கேபிள் பிரச்சினை சங்கத்தின் முயற்சியால் சரிசெய்யப்பட்டது.' கூடவே கும்பிடும் கைகள். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், நன்றி சார்கள். என் கணவருடைய கட்டைவிரலும் அதில் இருந்தது, பழக்கதோஷம் என்றார்.

பாசி பிடித்த பெட்டியின் படத்தைப் போட்டேன். 'இதைக் கண்டுபிடித்தது சங்கம் அல்ல, நான். கதவை உடைத்தது நானும் மேல்தளத்து வீட்டுப் பெண்ணும்' என்று கீழே எழுதினேன். கட்டைவிரல் ஒன்றுகூட விழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மேல்தளத்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "ஆமா, நாங்கதான் ஒடச்சோம். இப்ப இன்னா?" என்றாள் அவள்.