எங்கள் லேத்துக்கு விழுந்த தடை

எங்கள் காலேஜை யாராவது காலேஜ் என்று சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நீளமான வீடு. முன்கட்டில் பிரின்சிபாலின் மேசை, நடுக்கட்டில் பெஞ்சுகள், பின்கட்டில் ஒரு லேத். இரும்புக் கம்பியைச் சுழலவிட்டுக் கடைகிற இயந்திரம். அந்த ஒன்றை நம்பி வாசலில் ‘டெக்னிக்கல் காலேஜ்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகை நல்ல பலகை. அதில் எனக்குக் குறை இல்லை.

அறுபதுகளின் கடைசி அது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஓரிக்கையிலிருந்து தினமும் சைக்கிளில் வருவேன். மதராஸ் பக்கம் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த நேரம். ஆள் எடுக்கும்போது ஒரு கம்பியைக் கையில் கொடுத்துக் கடையச் சொல்வார்கள். கடையத் தெரிந்தால் வேலை. தெரியாவிட்டால் அப்பாவோடு சேற்றில் இறங்க வேண்டும். எனக்குச் சேறு ஆகாது. அதனால் அந்த லேத்தை ஓட்டப் பழகுவது தவிர எனக்கு வேறு வழி இல்லை.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் அதற்குக் கோர்ட்டில் தடை விழுந்தது.

வழக்குப் போட்டவர் பக்கத்து வீட்டுப் பட்டு நெசவாளி. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் லேத் ஓடினால் அந்தப் பக்கம் தறி அதிர்கிறது, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் இழை அறுகிறது என்றார். நியாயமான புகார்தான். வழக்கு முடியும்வரை லேத்தை ஓட்டக் கூடாது என்று முன்சீப் கோர்ட் சொல்லிவிட்டது. பிரின்சிபால் மோட்டார் இருந்த மரப்பெட்டியை மூடி ஆணி அடித்து, ‘கோர்ட் உத்தரவு, தொடாதே’ என்று காகிதம் ஒட்டினார்.

அதற்கப்புறம் நாங்கள் படித்த படிப்பை வேறு எங்கும் படித்திருக்க முடியாது. மாஸ்டர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், பாவம். கம்பியை மாட்டுவார், வெட்டும் உளியைக் கிட்டே கொண்டுபோவார், வாயால் ‘கர்ர்ர்’ என்பார்.

“இப்போ இரும்பு சுருள் சுருளா விழுது. பார்த்துக்கப்பா.”

நாங்கள் தரையைப் பார்ப்போம். தரை சுத்தமாக இருக்கும். வேகத்தைக் கூட்டும்போது அவர் குரலும் ஏறும். வெற்றிலை போட்டிருந்தால் அன்றைக்கு லேத் ஓடாது.

பிரின்சிபாலுக்கோ வழக்கு என்றால் கல்யாண வீடு மாதிரி. வாய்தா நாளில் கோட்டு மாட்டிக்கொண்டு எங்களையும் கோர்ட்டுக்கு ஓட்டிப் போவார். அங்கே வேப்பமரத்தடியில் நிற்க வைத்து அட்டெண்டன்ஸ் எடுப்பார். ஃபீஸ் மட்டும் தடையில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தார். கேட்டால், “நான் இன்னாப்பா பண்றது? கோர்ட்டு கையைக் கட்டிப்போட்டு இருக்குது. அப்பீல் போவோம். டில்லி வரைக்கும் போவோம்” என்பார். எங்களுக்கு எதற்கு டில்லி? பின்கட்டுக்கு விட்டால் போதும்.

ஒரு வாய்தாவில் நெசவாளி கூண்டில் ஏறினார். தடை போட்ட பிறகும் திருட்டுத்தனமாக லேத்தை ஓட்டுகிறார்கள், சத்தம் கேட்கிறது, இழை அறுந்துகொண்டே இருக்கிறது என்று சத்தியம் பண்ணிச் சொன்னார். ஓட்டியிருந்தால்தான் நான் பிழைத்திருப்பேனே! ஓட்டவே இல்லை என்றார் பிரின்சிபால். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உண்மை அது. அதை ஒருத்தரும் நம்பவில்லை.

இந்த நிலையில் மதராஸ் தொழிற்சாலை ஒன்று என்னை டெஸ்டுக்குக் கூப்பிட்டது. யோசித்துப் பார்த்தேன். அமாவாசையன்று எங்கள் ஊர் நெசவாளிகள் தறியில் உட்கார மாட்டார்கள். தறி சும்மா இருக்கிற நாளில் லேத் ஓடினால் யாருக்கு நஷ்டம்? பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

“ஐயையோ, கோர்ட் அவமதிப்புப்பா! ஜெயில்ல போட்ருவான்.”

ஜெயிலுக்குப் போகிறவர் அவர்தானே என்று நான் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். நெசவாளி தறியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

“இன்னாப்பா, சமாதானத்துக்கு அனுப்சாரா உங்க பிரின்சிபாலு?”

“இல்லண்ணா, நானாதான் வந்தேன். எனக்கு டெஸ்டு வருது. அமாவாசைக்கு ஒரு நாள் லேத்தை ஓட்டிக்கிறேன்.”

“தெனம் ஓட்டிக்கினுதானே இருக்கீங்க? புதுசா இன்னாத்துக்குக் கேக்கிற?”

“யாருண்ணா ஓட்டுனா? எங்க மாஸ்டரு வாயாலதான் ஓட்டறாரு.”

தறியில் அவர் கை நின்றது. “அந்தக் கர்ர்ருங்குறது... அவரா?”

“அவருதாண்ணா.”

“நான் மிஷினுன்னு இல்ல சத்தியம் பண்ணிட்டு வந்தேன்!”

“அப்போ இழை எப்படிண்ணா அறுந்துது?”

உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல்தான் வந்தது. “பாவுக்குக் கஞ்சி சரியா ஏறல, அதான் அறுவுதுன்னு நான் அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே! மிஷினு மிஷினுன்னு கோர்ட்டுக்கு ஓடறாரு.”

நெசவாளி தொண்டையைச் செருமினார். “சரிப்பா, அமாவாசைக்கு ஓட்டிக்கோ. நானே வந்து நிக்கிறேன். எவன் கேக்கிறான்னு பார்த்துடலாம்.”

சொன்னபடி அமாவாசை காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்துவிட்டார். பிரின்சிபால் வேலூரில் அவசர வேலை என்று போயிருந்தார். நான் காகிதத்தைக் கிழித்து, ஆணியைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்தேன். உள்ளே நாலு செங்கல்லும் ஒரு கோணிப்பையும் இருந்தன. மோட்டாரைக் காணோம்.

மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், மோட்டாரு எங்க?”

“ஓரிக்கையில தண்ணி எறைச்சிக்கினு இருக்குதுப்பா.”

தடை விழுந்த கையோடு மோட்டாரைக் கழற்றித் தன் மாமனார் கிணற்றுக்கு அனுப்பிவிட்டாராம் பிரின்சிபால். வழக்கு இழுக்க இழுக்க அங்கே பயிர் செழித்தது. தினமும் அந்த வயலைத் தாண்டித்தான் நான் சைக்கிள் மிதித்து வந்தேன். நல்ல பச்சை. நானே பாராட்டியிருக்கிறேன்.

“இல்லாத மிஷினுக்கா நான் வக்கீலு வச்சேன்?” என்று கத்தினார் நெசவாளி. “வண்டியைக் கட்டச் சொல்லுடா!”

ஒரு மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு ஓரிக்கைக்குப் போனோம். மாமனார் வரப்பில் நின்றார். மாப்பிள்ளை ஆசையாகக் கொடுத்த மோட்டார், தர முடியாது என்றார். நெசவாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பெரியவரே, இது கோர்ட்டுல இருக்கிற சாமான். ஓட்டக் கூடாதுன்னு தடை இருக்குது. வழக்குப் போட்டவனே நான்தான். நீங்க ஓட்டிக்கினு இருக்கீங்க. நான் பாட்டுக்குப் போயி ஜட்ஜு கிட்ட சொல்லிட்டா உங்க கதி இன்னா?”

பெரியவரே ஸ்பேனர் எடுத்து வந்து கழற்றிக் கொடுத்தார். வண்டியில் ஏற்ற ஒரு கையும் பிடித்தார்.

மத்தியானத்துக்குள் மாஸ்டர் மோட்டாரை மாட்டிவிட்டார். லேத் ஓடியது. வீடே நடுங்கியது. நெசவாளி சொன்னது பொய்யில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முதல் கம்பியை நாசமாக்கினேன், இரண்டாவதையும். பொழுது சாய்வதற்குள் ஓரளவு உருண்டையாக ஒன்று வந்தது. அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, “நாளைக்கு ஓட்டக் கூடாது, தெரியுதா?” என்று சொல்லிவிட்டு நெசவாளி வீட்டுக்குப் போனார். அவர் முறைப்பாக இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

டெஸ்டில் என் கம்பி ஒரு முனையில் பருத்தும் மறு முனையில் இளைத்தும் வந்தது. ஃபோர்மன் அளந்து பார்த்தார்.

“எவ்வளவு நாள் லேத்துல பழகின?”

“ஒரு நாள் சார்.”

“காலேஜுல படிச்சேன்னு எழுதியிருக்க?”

“ஆமா சார். மிச்ச நாள் கோர்ட்டுல இருந்தோம்.”

அவர் சிரிக்கவில்லை. லேத் ஓட்டுகிற டர்னராக எடுக்க முடியாது, ஹெல்பராக வேண்டுமானால் வா என்றார். போனேன். டர்னர் ஆவதற்கு அங்கே இன்னும் சில வருஷம் பிடித்தது. ஃபீஸ் கேட்காமல் கற்றுக்கொடுத்தார்கள். மாசம் பிறந்தால் அவர்களே எனக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.