ஒரே லாகினில் கால்குலஸ்

கணக்கு வாத்தியார் வேலையில் கணக்கு ஒன்றுதான் சுலபம். கரும்பலகை பிடுங்கப்பட்டு, 'எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்றுங்கள்' என்று சொல்லப்பட்ட சக வாத்தியார்களே, என் வயிற்றெரிச்சலையும் கொஞ்சம் கேளுங்கள்.

வீட்டில் பார்த்துவிட்டு வரவும்

கோத்தகிரி போகும் வழியில் இருக்கும் எங்கள் கல்லூரி ஒரு ஆன்லைன் தளத்தை வாங்கியது. மாணவர்கள் பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்க்க வேண்டும். வகுப்பில் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். நான் பாடம் நடத்தவே கூடாது. "யார் பார்த்தீர்கள்?" என்றேன். ஒருவரும் கை தூக்கவில்லை, கீழ் கோத்தகிரி ரேவதி உட்பட. தேயிலை விலை படுத்ததிலிருந்து அவள் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: கால்குலஸில் அரியர் வைத்தால் படிப்பு போதும், திருப்பூர் பனியன் கம்பெனிதான். அவளே பார்க்கவில்லையே என்று எனக்குக் கோபம். ஏன் என்று அவளையே கேட்டேன்.

"எங்கூட்டுல டவர் கிடைக்காதுங்க சார். தண்ணித் தொட்டி மேட்டுக்குப் போனாத்தான் வருமுங்க. அங்க காட்டெருமை நிக்குதுங்க."

வாழ்க்கையோடு இணைக்கவும்

கணக்கை மாணவர்களின் வாழ்க்கையோடு இணைக்கச் சொன்னார் பயிற்சிக்கு வந்த நிபுணர். நானும் பச்சைத் தேயிலை விலை இறங்கும் வரைபடத்தைப் போட்டு, "இறக்கம் எங்கே நிற்கும்? கண்டுபிடியுங்கள்" என்றேன். அதுவரை தூங்கிய வகுப்பு கொதித்தது. இலை வாங்கும் ஏஜென்ட்டைத் திட்டினார்கள், பேக்டரியைத் திட்டினார்கள், கணக்கை மட்டும் யாரும் தொடவில்லை. கடைசி பெஞ்சு சுரேஷ் எழுந்தான்.

"அது எங்க நிக்கும்னு தெரிஞ்சா, எங்கப்பா ஏனுங்க சார் தோட்டத்தை விக்கறாரு?"

கூட்டு முயற்சி

இன்டர்னல் தேர்வையும் தளத்திலேயே வைத்தேன். சுரேஷுக்கு முழு மதிப்பெண்! ரேவதிக்கும் அவள் பஸ்ஸில் வரும் மற்றவர்களுக்கும் பூஜ்யம். விசாரித்தால், அந்தத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் சிக்னல் கிடைத்தது சுரேஷின் போனில் மட்டும்தானாம். எல்லோரும் சுற்றி நின்று, ரேவதி போட்டுக் கொடுக்க, அவன் லாகினிலேயே அனுப்பியிருக்கிறார்கள். தலையில் அடித்துக்கொண்டேன். என்ன தப்பு என்று ரேவதிக்கு விளங்கவே இல்லை.

"எங்க ஊருல நாலு தோட்டத்து இலையும் ஒரே பேருலதானுங்க பேக்டரிக்குப் போகும். அப்புறம் பிரிச்சுக்குவோம். மார்க்கையும் நீங்களே பிரிச்சுக் குடுத்துருங்க சார்."

தொழில்நுட்ப உதவி

தளத்தின் உதவி எண்ணில் பேசியவர், ஏறிய மதிப்பெண்ணை அடுத்த செமஸ்டரில்தான் திருத்த முடியும் என்றார். அதற்குள் பூஜ்யம் அரியராகிவிடும்; அடுத்த செமஸ்டரில் ரேவதி பனியன் மடித்துக்கொண்டிருப்பாள்! முதல்வரிடம் கத்தினேன், பிறகு கெஞ்சினேன்; தாளில் போடும் மதிப்பெண்ணையே சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். பழைய கரும்பலகையைத் துடைத்து, நானே பாடம் நடத்தி, அத்தனை பேருக்கும் வெள்ளைத்தாளில் மறுதேர்வு வைத்தேன். ரேவதி தேறிவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது உண்மை. முதல்வர் என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார்.

"பாத்தீங்களா சார், ஆன்லைன் வந்ததும் ரிசல்ட் எப்படி ஏறிடுச்சு!"

ரேவதி திருப்பூருக்குப் போகவில்லை. 'இணையவழிக் கற்பித்தலின் வெற்றி' பற்றிப் பேச நான்தான் கோயம்புத்தூருக்குப் போகிறேன்.