தேன் தெளியும் வரை

எழுபதுகளில் சவூதியின் அல் கோபாரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் பாதிப் பேர் வீட்டில் குடிப்பதற்கு எதையாவது புளிக்க வைத்திருந்தார்கள். திராட்சைச் சாறு, பேரீச்சை, கைக்குக் கிடைத்ததெல்லாம். பிடிபட்டால் சிறை, பிறகு ஊருக்கு விமானம். தெரிந்தேதான் செய்தோம். படித்தவனுக்குப் புத்தி கூடுதல் என்பதெல்லாம் சும்மா.

எதிர் பிளாட்டில் இருந்த கோயம்புத்தூர்க்காரர் மட்டும் தேனில் செய்தார். தண்ணீர் சுத்திகரிப்பு என்ஜினியர். மற்றவர்கள் நுரை அடங்குவதற்குள் குடித்துவிட்டு மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு டியூட்டிக்குப் போவார்கள். இவர் மாதக்கணக்கில் காத்திருந்தார். அடியில் வண்டல் படிந்ததும், மேலே தெளிந்ததை ரப்பர் குழாயால் வேறு ஜாடிக்கு இறக்குவார். மறுபடி படியும், மறுபடி இறக்குவார். ஜாடிக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டில்.

குழாயில் இறங்க வைக்க நாங்களெல்லாம் வாயால் உறிஞ்சுவோம். அவர் குழாயில் தண்ணீரை நிரப்பி, நுனியை விரலால் அடைத்து, பிறகு திறந்துவிடுவார். "வாயில படாதுன்னு சம்சாரத்துக்கு வாக்குக் குடுத்திருக்கேனுங்க" என்றார். மாமனார் குடித்தே செத்தவராம். பின்னே எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். பாட்டிலெல்லாம் எங்களுக்குத்தானாம்; அவருக்குத் தெளிவதைப் பார்த்தால் போதுமாம். ஆள் ஒரு மாதிரி என்றுதான் நினைத்தேன்.

அந்த முறை பாட்டிலில் அடைப்பதற்கு முன்பே அவர் மனைவிக்கு விசா வந்துவிட்டது. ஜாடியை என் பிளாட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். "தூக்குனாக் கலங்கிருமுங்க" என்று துணியைப் போர்த்தி அலமாரியின் அடித்தட்டிலேயே வைத்துவிட்டார்.

வந்த பெண்ணுக்கு ஒரே குறை. ஏசி குளிரில் ஆப்ப மாவு பொங்கவே இல்லை. அவள் முகம் வாடியதைப் பொறுக்காமல், முன்பு எடுத்து வைத்திருந்த வண்டலில் ஒரு கரண்டியை அவளுக்குத் தெரியாமல் மாவில் கலந்துவிட்டார். ஈஸ்ட் தானே என்று நினைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை டிபனுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஆப்பம் பஞ்சாக இருந்தது. அவள் பெருமையோடு ஒரு வாய் வைத்தாள், அப்படியே நிறுத்திவிட்டாள்.

"இது எங்கப்பா மேல அடிச்ச வாசம்" என்றாள்.

அவர் பொய் சொல்லவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து காட்டினார்.

"அவர் ஒரு சொட்டு குடிச்சதில்லம்மா, நான் பாத்திருக்கேன்" என்றேன்.

"எங்கப்பாவுக்கும் இப்பிடிச் சொல்றதுக்கு ஒருத்தர் இருந்தாருங்கண்ணா."

எனக்குச் சுருக்கென்றது.

"ஊத்திருங்க" என்றாள் அவரிடம்.

ஜாடியைச் சாய்த்திருந்தால் ஒரு நொடி வேலை. அவர் அதைச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டு, வழக்கம்போலக் குழாயை எடுத்துத் தண்ணீரை நிரப்பினார். விரலால் அடைத்து, மறுநுனியை ஜாடிக்குள் விட்டுத் திறந்தார். தேன்நிறம் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் மெதுவாக இறங்கியது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயில வெச்சு இழுத்தாச் சட்டுன்னு வருமில்லீங்க?" என்றாள், சோதிப்பதைப் போல.

"உங்கிட்டச் சொல்லியிருக்கேனல்ல" என்றார். கண் குழாயிலேயே இருந்தது.

பாதி ஜாடி மீதம் இருந்தபோது அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"போதுங்க."

அவர் நிறுத்தவில்லை. கடைசி வரை இறக்கிவிட்டு, ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.