செவ்வாய்க்கிழமை அடித்த வெள்ளை

கஞ்சாவும் கத்திக்குத்தும் அதிகமாகிவிட்டதால் எங்கள் ஊருக்கு அவசர உத்தரவாம். கூட்டம் கூடக் கூடாது, எந்தக் கடையிலும் எப்போது வேண்டுமானாலும் சோதனை நடக்கும் என்று இன்று, வியாழக்கிழமை காலை, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

சந்தோஷம்தான். போன மாதம் குத்துப்பட்ட தையற்கடை அக்காவின் மகன் இன்னும் தருமபுரி ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான்.

அவனைக் குத்தியது பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையின் பின்புறத்தில். இன்று அங்கே பால் வாங்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். பையன்கள் பொட்டலத்தோடு உட்காரும் பெஞ்சைக் காணோம். சுவரெல்லாம் புது வெள்ளை. தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை.

“எப்பங்கண்ணா வெள்ளையடிச்சீங்க?”

“செவ்வாக்கெழமைங்க.”

கடைக்காரர் செவ்வாய்க்கிழமை நகம்கூட வெட்டாத மனிதர்.

“செவ்வாக்கெழமையா? நீங்களா?”

“என்னங்க பண்றது, வேற நாள் கெடைக்கலீங்க” என்று பால் பாக்கெட்டை வேகமாக என் கையில் திணித்தார்.

எங்களுக்கு இன்றைக்குத் தெரிந்த உத்தரவு அவருக்கு மட்டும் இரண்டு நாள் முன்பே எப்படித் தெரிந்தது? ஊகிக்க முடிந்தவர்கள் கமென்ட்டில் எழுதுங்கள்.

பெயர் மட்டும் வேண்டாம். நாளைக்கும் எனக்கு அங்கேதான் பால்.