காவலரணில் பதிந்த கை

இரண்டாம் உலக யுத்தத்தின் பழைய காவலரண்களை அளந்து பதிவது படித்தவர் வேலைதான். ஆனால் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிப்பவனுக்கே வெயிலும் நண்டும். பிடித்துப் பார்த்தவர்களே, உங்களுக்குப் புரியும்.

குறி மாறிய அரண்

எழுபதுகளில் கொழும்புத் தமிழ் அதிகாரி ஒருவர் ராகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து என்னைக் கிழக்குக் கரைக்குக் கூட்டிப்போனார். ஜப்பான்காரன் கடல்வழியாக வந்து இறங்கினால் சுடுவதற்கென்று கட்டிய கொங்கிரீட் அறைகளை அளக்கும் வேலை. ஒன்று மணல் அரித்துத் திரும்பி, துப்பாக்கித் துவாரம் ஊர்ப்பக்கம் பார்த்துக் கிடந்தது. "பக்கத்துத் தென்னந்தோட்டத்துல துரை பங்களா இருந்திருக்கும் சேர். கட்டுனவன் சரியாத்தான் குறி வச்சிருக்கான்" என்றேன். அதிகாரி எழுதத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"உன் வாயத்தான்யா மொதல்ல அளக்கணும்!"

நாலரை விரல்

இன்னொன்றின் கூரையில் ஒரு கைத்தடம், சுண்டுவிரல் பாதிதான். தாளை விரித்து, பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தோம். ராகலைக்குத் திரும்பியதும், யுத்தத்தில் கரைக்கு வேலைக்குப் போனவர்களை தொழிலாளர் வரிசைவீடுகளில் லயம் லயமாகத் தேடினோம். கருப்பையாண்ணன் தாளின்மேல் கையை வைத்தார். குறைவிரலோடு அச்சாகப் பொருந்தியது.

"ஈரக் கொங்கிரீட்டுல வழுக்கி ஊனிட்டேங்க. ஓவர்சியர் முதுகுல ஒன்னு வச்சான். அது அழிஞ்சுபோச்சு, இது நிக்குது."

அத்தாட்சி

அவருடைய குடியுரிமை மனு அப்போது தள்ளுபடியாகியிருந்தது. யுத்த காலத்தில் இங்கேதான் இருந்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும்; இல்லையென்றால், பார்த்தேயிராத இந்தியாவுக்குக் கப்பல். தோட்டத்துப் பழைய சம்பளப் பதிவேடான செக்ரோலில் தன் பேரைத் தேடிப் புறப்பட்டவரை நான்தான் நிறுத்தினேன். "இந்தப் படம் போதும்ணே. குடியுரிமைக் கந்தோர்ல நாற்காலி போட்டு டீ குடுப்பாங்க." வேடிக்கைக்குச் சொன்னேன், அவர் நம்பிவிட்டார். அப்பீலுக்குக் கடைசி நாளன்று அந்தத் தாளை மட்டும் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார். கிளார்க் மரியாதையாகத்தான் கேட்டாராம்.

"பெரியவரே, கை இருக்கு. பேரு எங்க?"

நானுஓயா ஸ்டேஷன்

கப்பலேறப் புறப்பட்டவரை வழியனுப்பப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் ஆறியிருக்கும். ரயில் ஜன்னல் வழியே என் தோளைப் பிடித்தார்.

"நீங்க நாலு இடம் பார்த்தவரு, தம்பி. அங்க நம்மள மாதிரி ஆளுங்களச் சேத்துக்குவாங்கதானே?"

காலமெல்லாம் புளுகிப் பிழைத்தவனுக்கு, அன்று சொல்லியே ஆகவேண்டிய ஒரே ஒரு பொய் மட்டும் வாயில் வரவில்லை.