தலைப்பாகை சரிந்த இடம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே இருக்கும் ஸ்டூடியோவில் கிஷாந்துக்குக் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்யும் வேலை. தேயிலைத் தோட்டத்தில் அவனுடைய லயத்து வீடுகளில் முதலில் பட்டம் வாங்கியவன் அவன்தான். அரசாங்க வேலை வரும்வரை என்று உட்கார்ந்த நாற்காலியிலிருந்து இன்னும் எழவில்லை.

அன்று திரையில் ஓடியது தனுஜாவின் கல்யாணம். தலவாக்கலையில் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். மனதில் இருந்ததை அவன் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மாப்பிள்ளை கணேசமூர்த்திக்குக் கினிகத்தேனையில் போன் கடை.

கல்யாணத்தன்று கூறைச் சேலை மாற்றிக்கொண்டு வரும்போது தனுஜா சிரித்தாள். மணவறையை ஒட்டிக் கேமராவோடு நின்றவன் கிஷாந்த். லென்ஸை நேராகப் பார்த்த சிரிப்பு. சோறு தின்னும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் அது கூடவே வந்தது. தனக்கென்று இதாவது மிஞ்சியதே என்று இருந்தான்.

இரண்டு கேமராப் படங்களையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர, அந்த ஸ்டூடியோவில் கெட்டிமேளத்தின் முதல் அடியைத்தான் பிடிப்பார்கள். அந்த ஓசை பொருந்திவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சேர்ந்துவிடும். கிஷாந்த் பொருத்தினான். பின்னால் ஓட்டிச் சிரிப்புக்கு வந்தான். பக்கத்துக் கட்டத்தில், முதலாளி கந்தப்பன் மண்டபத்திலிருந்து எடுத்த படம். அதில் கேமராவும் கையுமாகக் கிஷாந்த் நிற்கிறான். அவன் தோளுக்குப் பின்னால், மணவறையில், மாப்பிள்ளையின் தலைப்பாகை அவன் கண்ணை மறைத்துச் சரிகிறது. மாப்பிள்ளை தடவித் தடவி அதை மேலே தள்ளுகிறான்.

தனுஜா பார்த்தது அதைத்தான்.

ஒருவர் பார்ப்பதையும், பார்க்கப்படும் பொருளையும் அடுத்தடுத்து வைப்பதற்கு ஐலைன் மேட்ச் என்று பெயர். சிரிப்பு, தலைப்பாகை, மறுபடி சிரிப்பு என்று வைத்திருக்க வேண்டும். அவன் தலைப்பாகையைத் தூக்கிவிட்டு அங்கே குத்துவிளக்கை வைத்தான். நடப்பதை விட்டு வேறொன்றைக் காட்டிவிட்டுத் திரும்பும் அந்த வேலையைக் கட்அவே என்பார்கள். இப்போது தனுஜா விளக்கைப் பார்த்துச் சிரித்தாள். தன்னைப் பார்த்து இல்லாவிட்டால் போகட்டும், மாப்பிள்ளையைப் பார்த்தும் இல்லை.

மறுநாள் பொண்ணும் மாப்பிள்ளையும் வீடியோ பார்க்க வந்தார்கள். அந்த இடம் வந்ததும் தனுஜா நிமிர்ந்தாள்.

"கிஷாந்த், இவரு தலப்பா வுழுந்துச்சே, அது எங்க?"

"வுடு புள்ள. தம்பி என் மானத்தக் காப்பாத்தியிருக்காரு," என்றான் கணேசமூர்த்தி.

"அதெல்லாம் முடியாது. அன்னைக்கி நான் சிரிச்சதே அதுக்குத்தான். லயத்துல எல்லாரும் பாக்கணும்."

கந்தப்பன் திரும்பினார். "நான்தானே எடுத்தேன். எங்கடா அது?"

"இருக்குங்க."

"அப்ப போடு. வெளக்கப் பாத்து எவடா சிரிப்பா?"

அவர்கள் எதிரிலேயே விளக்கை எடுத்தான். தலைப்பாகை திரும்ப வந்தது. மண்டபத்துப் பெண்களின் சிரிப்பொலியைப் படத்துக்குச் சற்று முன்பே தொடங்கவிட்டான். ஜே கட் என்பார்கள் இதை. யாரும் கேட்காத வேலை, கை தானாகச் செய்தது. ஓட்டிக் காட்டினான். தனுஜா கணவனின் தோளில் அடித்துச் சிரித்தாள். லென்ஸில் விழுந்த அதே சிரிப்பு.

"சூப்பரா வந்திருக்கு தம்பி," என்றான் கணேசமூர்த்தி.

நன்றாகத்தான் வந்திருந்தது. கிஷாந்த் அதுவரை வெட்டி ஒட்டியதிலேயே அதுதான் நல்ல இடம். அதையும் அந்த ஆளுக்கே கொடுக்க வேண்டியதாகிவிட்டது.