பொத்தேரிக்குப் போய் வாங்கிவந்த மரபணு முடிவு

போன செவ்வாய்க்கிழமை தாம்பரத்திலிருந்து பொத்தேரி போய்வந்தோம். சுற்றிப் பார்க்க அல்ல. என் தம்பி மகன் கதிரின் மரபணுப் பரிசோதனை முடிவை வாங்க. இதே வேலையாகப் போகிறவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

என் மகள் எழிலுக்கு இருபத்து நான்கு வயது. சிறு வயதிலிருந்தே அவள் கருவிழிகள் மங்கி வருகின்றன. கருவிழியிலுள்ள ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலியில் சல்பேட்டைச் சேர்க்க ஒரு நொதி வேண்டும். அதைச் செய்யும் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வரும். இரண்டும் பழுதானால் சர்க்கரை கட்டிக்கட்டியாகத் தேங்கிவிடும். கருவிழியை மாற்றினாலும் சில ஆண்டுகளில் மறுபடி மங்கலாம். நான் கட்டிக்கொண்டது தாய்மாமன் மகனை. எங்கள் இருவரிடமும் ஒவ்வொரு பழுது இருந்தது. நான் விலங்கியல் படித்தவள். தேர்வில் இதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

வெளியில் எழிலை யாரும் பெண் கேட்கவில்லை. "அசல்ல குடுத்துட்டுத் தவிக்காதக்கா. நம்ம பொண்ண நாமதான் பாத்துக்கணும்" என்று தம்பி வந்து நின்றான். கதிருக்கும் அவளைப் பிடிக்கும். தட்டு மாற்றிய பிறகுதான் எனக்குப் பரிசோதனை ஞாபகம் வந்தது. அதுவரை வர விடவில்லை என்பதே சரி.

காலை 9.40 மின்ரயிலில் நான், எழில், கதிர். ஐந்து ரூபாய், இருபத்தைந்து நிமிடம். எழிலுக்கு வெயில் ஆகாது, வலப்பக்கம் உட்கார்ந்தோம். பொத்தேரியில் இறங்கி, பல்கலைக்கழக மருத்துவமனைக்கு ஆட்டோ அறுபது ரூபாய்.

"இன்னாக்கா, ரெண்டு பேருக்கும் அட்மிசனா?" என்றார் ஓட்டுநர்.

"ரிசல்ட்டுண்ணா" என்றான் கதிர்.

"மூஞ்சப் பாத்தாலே தெரீது, பாஸுதான் தம்பி!"

அங்கே மரபணு ஆலோசகர் அம்மா பொறுமையாகப் பேசினார். கதிரிடமும் ஒரு பழுது இருக்கிறது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வயிற்றில் இருக்கும்போதே பார்க்க வழி உண்டு என்றார்.

"பாத்துட்டு, கொழந்த என்னை மாதிரின்னா?" என்று எழில் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் எழில்தான் முதலில் பேசினாள். "எனக்கு ரெண்டு மார்க்கு, உனக்கு ஒண்ணு. நீ ஃபெயிலுடா."

கதிர் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு: சொந்தத்தில் பேச்செடுக்கும்போதே பரிசோதித்துவிடுங்கள், தட்டு மாற்றிய பிறகு அல்ல. முடிவு வர ஐந்து வாரம் ஆனது. அசல் அறிக்கைகளை எடுத்துச் செல்லுங்கள். கண் கூசுகிறவர்கள் கூட இருந்தால் காலையில் போகும்போதும் பிற்பகலில் திரும்பும்போதும் வலப்பக்கமே நிழல்.

திரும்பும்போது எங்களுக்கு வலப்பக்கம் இடம் கிடைக்கவில்லை. இரண்டு மணி வெயில் நேராக எழில் முகத்தில் அடித்தது. கதிர் எழுந்து, அந்த முடிவு இருந்த ஃபைலை ஜன்னலில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். அதன் நிழலில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தாம்பரம் வரும்வரை அவன் கையை எடுக்கவில்லை. தம்பிக்கு நான் இன்னும் ஃபோன் செய்யவில்லை.